சுவருக்கு அந்தப் பக்கம்

– அந்த நாற்காலி வேணாம் சார். இதுல உக்காருங்க.

– ஏன், போர்வைதானே கிடக்கு? எடுத்து ஓரமா வெச்சுட்டா...

– எடுக்க வேணாம். இங்க வாங்க.

– சரி, சரி... ஓ. உங்க வீட்டம்மாவோடதா?

– ம்.

– அவங்க போய் ஆறு மாசம் இருக்கும்ல தம்பி?

– இருக்கும்.

– நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?

– செக்ரட்டரி சார், அதைக் கேக்கவா இவ்வளவு மாடி ஏறி வந்தீங்க?

– லிஃப்ட் படுத்துடுச்சு. மூச்சு வாங்குது. வாய்ல என்ன வருதோ அதைக் கேட்டுட்டேன்.

– தண்ணி இந்தாங்க.

– அப்பாடா... வீட்டைக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்களே! ஒரு தூசி இல்ல. எங்க வீட்ல மூணு பொம்பளைங்க. சோபாவுக்கு அடியில கையை விட்டா போன வருஷத்துப் பட்டாணி வருது.

– விஷயத்துக்கு வாங்க சார்.

– இன்னிக்கு சாயங்காலம் நம்ம குடியிருப்போர் சங்கக் கூட்டம். கீழ நோட்டீஸ் ஒட்டியிருக்கேன், பார்த்திருப்பீங்க.

– நான் அந்தப் பக்கம் போறதில்ல.

– அதானே, கேட் பக்கம் உங்களைக் கண்ணுலயே காணோம். பின்பக்கச் சுவர் விவகாரம்தான். அந்தப் பக்கத்துக் காலி மனையைப் பார்த்தீங்களா? குப்பை மலையா குவிஞ்சு கிடக்கு. அந்தச் சுவர் பாசி பிடிச்சு கருப்பா கிடந்ததுன்னு போன மாசம்தான் வெள்ளையடிச்சோம். இப்பவே வழிஞ்சு வழிஞ்சு கறை.

– வீசறதை நிறுத்தச் சொல்லுங்க.

– யாரை? கேட்டா எல்லாரும் வானத்துலேருந்து இறங்கி வந்தவங்க. இந்த வாரம் பெஞ்ச மழையில சாக்கடை அடைச்சுக்கிச்சு தம்பி. தரைதள வீட்ல முழங்கால் அளவு தண்ணி. அந்தப் பாப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க.

– எந்தப் பாப்பா?

– மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு சைக்கிள்ல சுத்துமே, அது.

– இப்ப எப்படி இருக்கு?

– கண்ணைத் தொறந்துச்சாம். ஆனா ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டேதான் இருக்கு. அதோட அப்பன் நேத்து என் சட்டையைப் பிடிக்காத குறை. யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும்னு நிக்கிறான். உடனே எல்லாரும் சேர்ந்து நம்ம கட்டடத்தைக் கூட்டற அம்மாவைக் கைகாட்டிட்டாங்க.

– அவங்களையா?

– வாசல் தொட்டில நாம போடறதை லாரி வர்ற வரைக்கும் வெச்சிருக்கச் சோம்பல்பட்டு, பின்னாடி கொண்டுபோய்ச் சுவருக்கு மேல கொட்டறாங்களாம். இன்னிக்கே வேலையை விட்டு நிறுத்தணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க.

– அவங்க அப்படிச் செய்யறவங்க இல்ல சார்.

– எனக்குத் தெரியாதா என்ன?

– இவ முடியாம படுத்திருந்தப்ப... படிக்கட்டைத் துடைக்க வந்தா, வாளியைக் கீழ வெச்சா சத்தம் கேக்கும்னு ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டே துடைப்பாங்க. நான் கதவைத் தொறந்து பார்த்தேன்.

– பார்த்தீங்களா! அதான் சொல்றேன். அந்தம்மாவைக் காப்பாத்த என்கிட்ட ஒரு வழி இருக்கு. ஆனா நீங்க கொஞ்சம் மனசைக் கல்லாக்கிக்கணும்.

– நான் எதுக்கு?

– போனைக் காட்டறேன். கோபப்படக்கூடாது.

– காட்டுங்க.

– மோட்டார் ரூம் ஜன்னல்ல ஒரு கேமரா வெச்சேன். போன வருஷமே. யார்கிட்டயும் சொல்லல. மட்டமான கேமரா, கரண்ட் போய் வந்தா தேதி எங்கயாவது ஓடிடும். இதுல பாருங்க, நீங்க பொறக்கறதுக்கு முந்தின வருஷம் காட்டுது. தேதியை விடுங்க, ஆளைப் பாருங்க. விடியற நேரம். மோட்டார் ரூம் விளக்கு எரியுது. முக்காடு போட்டுக்கிட்டு வர்றாங்களா? ஒரு பை... இப்ப ரெண்டாவது பை. முகம் தெரியல. ஆனா அந்தப் போர்வை... ஓரத்துல சிவப்புக் கோடு... உங்க வீட்டம்மா போத்திக்கிட்டு பார்த்த ஞாபகம்...

– இன்னொரு தடவை போடுங்க.

– எதுக்கு தம்பி? வேணாமே.

– போடுங்க சார்.

– ...இந்தாங்க. உங்க வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் எனக்குச் சின்ன சந்தேகம் இருந்துச்சு. நாற்காலியைப் பார்த்ததும் போயிடுச்சு. அதே கோடு. நானே நம்பல, சத்தியமா. அவங்க என்னை என்ன பாடு படுத்தியிருக்காங்க தெரியுமா? ஒரு நாள் டீ குடிச்சுட்டு பேப்பர் கப்பைப் படிக்கட்டுல வெச்சுட்டுப் போயிட்டேன். மணி அடிக்குது. கதவைத் தொறந்தா இவங்க. "மாமா, உங்க பொருளைத் தவறவிட்டுட்டீங்க"ன்னு கப்பை என் கையிலயே குடுத்துட்டுப் போறாங்க! பின்னாடி மருமக நின்னுக்கிட்டு சிரிக்கறா.

– சொல்லியிருக்கா.

– சிரிச்சாங்களா சொல்றப்ப?

– விழுந்து விழுந்து.

– ம்... அப்படிப்பட்டவங்களே போட்டிருக்காங்கன்னா, நாமல்லாம் எம்மாத்திரம்? எனக்கு இதைப் பார்த்தப்ப, தப்பா நினைக்காதீங்க... ஒரு ஆறுதல்தான் வந்துச்சு.

– இப்ப என்கிட்ட என்ன வேணும்?

– உங்க சம்மதம். கூட்டத்துல பேர் சொல்ல மாட்டேன். படத்தை மட்டும் ஓட்டுவேன். பார்க்கறவங்களுக்கே புரிஞ்சுடும். "அய்யோ பாவம், போயிட்டாங்களே"ன்னு உச்சு கொட்டிட்டு எழுந்து போயிடுவாங்க. பாப்பாவோட அப்பனும் செத்தவங்ககிட்ட போய்ச் சண்டை போட முடியுமா? அந்தம்மா வேலையும் தப்பிச்சுடும்.

– அவ பேர்?

– பேருக்கென்ன தம்பி... அவங்களுக்கு இனிமே என்ன குறையப்போகுது?

– கேமரா போன வருஷத்துலேருந்து ஓடுதுன்னீங்களே.

– ஆமா.

– ரெண்டு பையில மலை எப்படி சார் வரும்?

– ...என்ன சொல்றீங்க?

– உங்க கேமராவுல வேற யார் யார் விழுந்திருக்காங்க?

– தெளிவா விழுந்தது இது ஒண்ணுதான்...

– முகமே தெரியாத இதுவா தெளிவு?

– இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்குமா?

– இருக்கு. முதல்ல சொல்லுங்க.

– பாதிக் கட்டடம் இருக்கு தம்பி. போதுமா? யாரைன்னு காட்டுவேன்? நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேணாமா?

– உங்க வீடு?

– ...மழை நாள்ல முழங்கால் பிடிச்சுக்குது. வாசல் தொட்டி அந்தக் கோடியில இருக்கு. எப்பவாவது, முடியாத அன்னிக்கு...

– எப்பவாவது.

– வாரத்துல ரெண்டு மூணு நாள். போதும், பார்வையாலயே குத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்கு நானும்தான் போனேன். அது என்னைத் தாத்தான்னு கூப்பிடற குழந்தை. கட்டில் பக்கத்துல நிக்க முடியல என்னால. பிஸ்கட்டைக் குடுத்துட்டு ஓடி வந்துட்டேன்.

– அப்போ கூட்டற அக்கா வேலையும் போகக்கூடாது, நம்ம யார் பேரும் கெடக்கூடாது. அதுக்கு இவ.

– நானா இவங்களைத் தேடிப் போய்ப் பிடிச்சேன்? படத்துல இருக்காங்களே தம்பி! இல்லாததையா சொல்றேன்? உங்க கஷ்டம் புரியுது. அதனாலதான் நேரா வந்து கேக்கறேன். வேணாம்னா போனை மூடிட்டுப் போயிடுவேன். அந்தம்மா பாடு அந்தம்மாவோட. நாளைக்குத் துடைப்பத்தை வெச்சுட்டுப் போகட்டும்.

– அப்படிச் சொல்லாதீங்க.

– பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? மூணாவது வழி இருந்தா நீங்களே சொல்லுங்க. படிச்சவர்தானே.

– சார்... அந்த அக்காகிட்ட இதைக் காட்டினீங்களா?

– காட்டினேன். அதை ஏன் கேக்கறீங்க?

– என்ன சொன்னாங்க?

– "இது அந்தப் பொண்ணு இல்ல"ன்னாங்க. போர்வையைக் காட்டறேன், கோட்டைக் காட்டறேன். "இல்ல சார், இல்ல"ங்கறாங்க. அப்போ யாருன்னு கேட்டா வாயைத் தொறக்கல. வேலை போகுதும்மான்னு சொன்னா, "போகட்டும்"னுட்டு ஈரத் துணியைப் பிழிஞ்சுக்கிட்டு போயிட்டாங்க. அழுத்தக்காரி. தம்பி, என்ன இது... கண்ணைத் துடைங்க. நான் இதுக்கா வந்தேன்?

– ஒண்ணுமில்ல.

– சரின்னு ஒரு வார்த்தை போதும். உங்க வீட்டம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க. தன் பேர் போனாலும் அந்தம்மா பிழைக்கட்டும்னு.

– சொல்லியிருப்பா.

– அப்புறம் என்ன?

– படத்தைத் திரும்ப ஓட்டுங்க. முதல் பை கையில இருக்கற இடத்துல நிறுத்துங்க.

– எத்தனை தடவைதான்... இந்தாங்க, நிறுத்திட்டேன்.

– பின்னாடி சுவர் என்ன நிறத்துல இருக்கு?

– வெள்ளை. பளிச்சுன்னு...

– ...

– வெள்ளை... போன மாசம்தானே நாம... தம்பி?

– கூட்டம் எத்தனை மணிக்கு சார்?

– ஆறுக்கு. இருங்க, இருங்க... அப்போ இந்தப் போர்வைக்குள்ள...

– வாசல் தொட்டிக்கிட்ட போனா யாராவது நிக்கறாங்க சார். தலையைச் சாய்ச்சுக்கிட்டு "சாப்பிட்டீங்களா"ங்கறாங்க. அதுக்குப் பயந்து விடியறதுக்கு முன்னாடி பின்பக்கம் போவேன். குளிருக்கு இதைப் போத்திக்குவேன். அவ ஒரு நாளும் வீசினதில்ல. மிட்டாய்த் தாளைக்கூட கைப்பையில வெச்சு வீட்டுக்குக் கொண்டுவருவா. ஆறு மணிக்கு நானே வந்து சொல்றேன், உங்களைப் பத்தி நீங்க சொல்லிக்குங்க... அந்தக் கைப்பை இன்னும் அலமாரியிலதான் இருக்கு. உள்ள ரெண்டு மூணு தாள் கிடக்கு. இந்த வீட்ல சுவருக்கு அந்தப் பக்கம் போகாத குப்பை அது மட்டும்தான்.