ஊசியின் காது

ஊசியின் காது வட்டமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அது நீண்ட துளை. ஓரங்கள் கிழித்த தகரம் போலச் சொரசொரப்பாக இருக்கும். நூல் ஏன் அடிக்கடி அறுகிறது என்பது அப்போது விளங்கும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, சார். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

கோவில்பட்டியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. எல்லோர் கையிலும் செல்போன் வந்தபின் மூடிவிட்டேன். என் மனைவி இசக்கிசெல்வி நூல் மில்லில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் நான்தான். வெளியே போக வழியில்லாததால் வீட்டில் கிடப்பதையே படம் எடுக்க ஆரம்பித்தேன். உப்புக்கல், கடுகு, சீப்பின் பல், ஊக்கு. மிக அருகில் போய்விட்டால் எந்தப் பொருளும் சலிப்பதில்லை.

“ஊசிக்குக்கூட காது இருக்கு, ஒங்களுக்குத்தான் இல்ல” என்பாள். “எத்தன தடவ கூப்புடுதேன். நான் ஒரு ஊக்காப் பொறந்திருந்தா பக்கத்துல வந்து பாத்திருப்பிய.”

நானும் சிரிப்பேன்.

அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸுக்கு ஒரு முடியின் கன அளவுக்குத்தான் தெளிவாகத் தெரியும். ஆகவே கேமராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதுவரை எதுவும் அசையக் கூடாது. நடுவில் விட்டால் வெயில் நகர்ந்து நிழல் மாறிவிடும்; மறுபடி முதலிலிருந்துதான்.

எங்கள் வீடு கரிசல் மண்ணில் கட்டியது. கோடையில் மண் வெடிக்கும்போது தளமும் விரிசல் விட்டு, அடியில் பிடிப்பில்லாமல் நிற்கும். ஒரு மூலையில் அதிர்ந்தால் மறு மூலையில் மேசை ஆடும். மின்விசிறியை நிறுத்தலாம். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வந்தால் காத்திருக்கலாம், ரயில் போய்விடும். அவள் கட்டிலடியில் இருந்த ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் போகாது.

அது சிலிண்டர் இல்லை. அறைக் காற்றையே இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். உள்ளே இருக்கும் கம்ப்ரசர்தான் அதிரும். இரவும் பகலும் உறுமும். மின்சாரம் போனால் அது அலறும். அதன் சுவிட்சை நாமே அணைத்தால் அலறாது. அணைத்தவருக்குத் தெரியும்தானே என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

படம் எடுப்பதற்காக முதல் தடவை அவளிடம் கேட்டுத்தான் அணைத்தேன்.

“வீடு எவ்வளவு அமைதியா இருக்கு, பாத்தியளா” என்றாள்.

மூச்சு முட்டினால் இரும்புக் கட்டிலில் தட்டுவதற்கு ஒரு டம்ளரைக் கையில் கொடுத்திருந்தேன். தட்டுவாள், உடனே போடுவேன். பல நாள் அப்படித்தான் நடந்தது.

அன்று மத்தியானம் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஊசியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் அவ்வளவு நன்றாக ஒருநாளும் அமைந்ததில்லை. பாதி வேலையில் தட்டினாள்.

“இந்தா வாரேன், செல்வி” என்றேன்.

“முடியல... போடுங்க” என்றாள். பிறகு பேசவில்லை. தட்டினாள்.

மேசையை அடுப்படிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்டீர்கள். போயிருக்கலாம். அங்கே ஜன்னல் வெளிச்சம் சரியாக வராது. அவள்மேல் கோபமா என்றும் கேட்டீர்கள். கோபம் இல்லை, சார். களைப்புதான்.

ஒவ்வொரு தட்டலுக்கும் மேசை லேசாக நடுங்கியது. நடுக்கம் அடங்கக் காத்திருந்து, அடுத்த தட்டலுக்குள் ஒரு படம் எடுத்தேன். ரயிலுக்குக் காத்திருப்பது போலத்தான். போகப் போக இடைவெளி நீண்டது. வேலைக்கு அது வசதியாக இருந்தது. பிறகு தட்டல் நின்றது. மிச்சத்தை அவசரமில்லாமல் எடுத்து முடித்தேன். கேமராவுக்கு மூடி போட்டேன். எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டேன். இயந்திரம் ஓடியது, அவள் மூச்சு விடவில்லை.

“அந்த அண்ணாச்சி அக்காவக் கவனிக்காம விட்டுட்டாவ” என்று பக்கத்து வீட்டு ஜெயகுமாரி உங்களிடம் சொன்னாளாம். அதை மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள், சார். ஒவ்வொரு தட்டலையும் கேட்டுத்தான் எடுத்தேன். படங்களைப் பாருங்கள், ஒன்றுகூடக் கலங்கவில்லை.