ஸ்டியரிங் மட்டும் சுத்தமான கார்

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். சீட்டு உறை கிழிந்து, இடப்பக்கக் கதவு நசுங்கி, மிதியடியில் போன மழைக்காலத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடக்கிற காரில் ஸ்டியரிங் மட்டும் ஏன் இப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள். கார் பிடித்திருந்தால் மத்தியானத்துக்குள் ஓட்டிக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். உங்களை நான் திரும்பப் பார்க்கப் போவதில்லை. அதனால் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஸ்டியரிங்கில் பிடித்திருந்த அழுக்கை எடுக்கப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஆகாது; மேல்தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், தலைக்குப் போடும் ஷாம்பு கொஞ்சம், பழைய பல் பிரஷ் ஒன்று, நன்றாகப் பிழிந்த துணி. வட்டமாகத் தேய்த்து உடனே துடைத்துவிட வேண்டும். எனக்கு ஐந்து தடவை தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் தார் அப்பினாற்போலப் பிடித்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டும்.

இந்தக் கார் விபத்தில் அடிபட்டது என்பதை மறைக்கவில்லை. கதவைப் பார்த்தாலே தெரியும். போன ஐப்பசியில் பேத்துப்பாறைக்கு இறங்கும் வழியில், மூடுபனிக்குள், காளியாயி என்ற பெண்மேல் மோதிப் பாறையில் போய் இடித்தது. காளியாயி இந்தப் பக்கத்துப் பூண்டுக் காட்டு வேலைக்கெல்லாம் ஆள் கூட்டிப் போகிறவள். அவளும் இறந்தாள், டிரைவர் பழனிக்குமாரும் இறந்தான். எனக்குக் கண் மங்கிவிட்டது, ஓட்டக் கூடாது என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் அதற்கு முந்தின ஐந்து மாதமாக அவனை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அண்ணன் முறையுள்ளவரின் மகன். சித்தப்பா, சித்தப்பா என்று பிரியமாக இருப்பான். இறந்தவன்மேல் வழக்கு நடத்த முடியாது என்று ஸ்டேஷனில் கேஸ் கட்டை மூடிவிட்டார்கள். காரும் வீட்டுக்கு வந்துவிட்டது.

கார் வந்த மறுநாளே அவன் அம்மா அன்னக்கொடி மதினி வந்தாள். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் இருந்த அந்தக் கறுப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எம் பிள்ள கை பட்ட எடம் தம்பி இது. அவென் வேர்வ இதுலதான கெடக்கு" என்றாள்.

அதன்பின் தினமும் வருவாள். இரண்டு கையையும் அந்த இரண்டு கறுப்பின்மேல் வைத்துக்கொண்டு, கன்னத்தையும் சாய்த்துக்கொள்வாள். அவளுக்கு வேறு சோலியும் இல்லை. காளியாயியைக் கொன்றவனைப் பெற்றவள் என்று ஊரில் யாரும் அவளைப் பூண்டு ஆயக் கூப்பிடுவதில்லை. தெருத் தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமைதோறும் காளியாயி வீட்டு வாசலில் போய் நின்று, என் மகன் செய்ததை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டு வருவாள். அவர்கள் ஒருநாளும் கதவைத் திறக்கவில்லை. எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

ஒருநாள் அவள் குனிந்து அந்த அழுக்கை முத்தமிட்டாள். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து, அவள் வருவதற்குள் சுத்தம் செய்துவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். அது அவன் அழுக்கில்லை. அவன் ஒற்றைக் கையை ஸ்டியரிங் உச்சியில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவன், கையும் சுத்தம். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து ஓட்டுகிறவன் நான். மார்கழிக் குளிரிலும் என் உள்ளங்கை வியர்க்கும். அது பன்னிரண்டு வருஷமாகப் படிந்த என் கை அழுக்கு. அதைப் போய் அவள் முத்தமிடலாமா?

அவள் வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஸ்டியரிங்கை மோந்து பார்த்தாள். ஷாம்பு வாசனைதான் அடித்திருக்கும்.

"அந்தத் தண்ணிய எங்க ஊத்துனீங்க தம்பி?" என்று கேட்டாள்.

சவ்சவ் பந்தலடியைக் காட்டினேன். போய் உட்கார்ந்து, ஈரமாக இருந்த மண்ணையெல்லாம் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். அது வெறும் என் அழுக்கு மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டிவரும்.

அன்றைக்கு ஓட்டியது நான்தான். பெருமாள்மலை தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. பழனி மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தான். விசாலாட்சி, என் மனைவி, படுத்த படுக்கை. அவளைப் புரட்டிப் படுக்கவைக்க நான் வெரசாப் போக வேண்டும். என் ரோடு, எனக்குத் தெரியாத வளைவா என்று அவனை இடப்பக்கம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நான் பிடித்தேன். மாட்டேன் என்றுதான் சொன்னான். சித்தப்பா முறையில் ஓர் அதட்டல் போட்டேன்.

காளியாயி தலையில் தீவனக் கட்டோடு ஓரமாகத்தான் போனாள். என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. அடித்தபிறகுதான் தெரிந்தாள். திருப்பியதில் இடப்பக்கம் பாறையில் இடித்தது; அந்தப் பக்கம் இருந்த பழனி நினைவில்லாமல் சரிந்துவிட்டான். எனக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். நான் நிதானமாக யோசித்தேன். லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாதவன், ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுக்கப்பட்டவன். என்னை உள்ளே வைத்தால் விசாலாட்சிக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. பனியில் எதிரே வரும் ஆள் தெரியாது. அதனால் நேரம் இருந்தது. பழனியின் தோளுக்கடியில் கை கொடுத்து டிரைவர் சீட்டுக்கு இழுத்தேன். கனமான பிள்ளை. இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது.

அவன் இறந்துவிட்டான் என்று நினைத்துத்தான் இழுத்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பாதி இழுத்திருக்கும்போது கண்ணைத் திறந்தான்.

"சித்தப்பா, நான் இந்தப் பக்கம் இல்லையே" என்றான்.

ஒண்ணுமில்லடா, சாஞ்சுக்க என்றேன். சாய்ந்துகொண்டான். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.

காளியாயியைப் போய்ப் பார்க்கவில்லை. போன் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் பேசிவிடுவான். சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். இடையில் இரண்டு தடவை அம்மாவைக் கூப்பிட்டான். பிறகு சத்தம் நின்றது. அதன்பின்தான் போனை எடுத்தேன். வந்தவர்கள் அவனை டிரைவர் சீட்டிலிருந்து தூக்கினார்கள். நான் பின்சீட்டில் இருந்ததாகவும் கதவு திறந்து வெளியே விழுந்துவிட்டதாகவும் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. அந்தச் சீட்டில்தான் அவன் உயிர் போனது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஏதாவது சொன்னானா என்று மதினி ஒருமுறை கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, பொட்டென்று போய்விட்டான், வலி தெரிந்திருக்காது என்றேன். பெற்றவளுக்கு அது ஓர் ஆறுதல்.

அதோ, ஓடைப் பக்கமாக ஏறி வருகிறாளே, அவள்தான். காரை விற்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று உங்களிடம் கேட்பாள். உட்காரவிடுங்கள். நான் சொன்னதை மட்டும் அவள் காதில் போட்டுவிடாதீர்கள். மகன் ஓர் உயிரைக் கொன்றுவிட்டானே என்பதை ஏற்றுக்கொண்டு இப்போதுதான் ஒருமாதிரி மனதைத் தேற்றியிருக்கிறாள். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.