ஆத்தோட போன செண்டுமல்லி மாலை

உக்காருங்க! அட, உக்காருங்கய்யா எல்லாரும்! பேச்ச நிறுத்திட்டு உக்காருங்க! எட்டுப் பேரும் ஒரே பக்கம் எந்திரிச்சா படகு குப்புறப் போவும், அப்புறம் அயுத்தயா ஆத்து மீனெல்லாம் உங்ககூட செல்ஃபி எடுத்துக்கும்! ராஜா வேஷம் போட்ட பெரியவரே, உங்களுக்குத் தனியா சொல்லணுமா? அந்தக் கிரீடத்தக் கழட்டி மடியில வைங்க. போட்டோவுக்கு வாடகைக்கு எடுத்த கிரீடம்... ஆத்துல விழுந்துச்சு, வேஷக்கடைக்காரி உங்களையே அடகு புடிச்சு வெச்சுக்குவா!

ஹப்பா... இந்தப் படகுலயே நீ ஒருத்திதாம்மா அமைதி. தாரிகாதானே பேரு? பேங்காக் பொண்ணுன்னு பாத்தாலே தெரியுது, வாயத் தெறந்தா முத்து கொட்டிருமோன்னு உக்காந்திருக்க. நகரு, உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். அட, ராணி வேஷம் உனக்கு எடுப்பாத்தான் இருக்கு! மடியில பூ வேற... வேஷத்தோட பூவும் சேத்துக் குடுக்கறாளா இப்பல்லாம்? ஆனா வாடிப் போச்சே! ஏமாத்திட்டா உன்னைய. அவ அப்படித்தான்.

சரி, நீயே சொல்லு தாரிகா... வேணாம், நானே சொல்றேன். உன் ஆளு நிரன் இருக்கானே, அவனுக்கு என்ன கிறுக்கா? காலையிலயே படகுத்துறைக்கு வந்து, "லம்யாய் அக்கா, லம்யாய் அக்கா, கோபுரத்துக்குப் பின்னால சூரியன் எறங்குறப்ப படகு கோயிலுக்கு நேரா நிக்கணும், கொஞ்சம் பிந்துனாலும் என் வாழ்க்கையே போச்சு"ன்னு கெஞ்சுனான். அவனேதான்! சரின்னு கெளம்புனா, நடு ஆத்துல "திருப்புங்க, திருப்புங்க"ன்னு கூப்பாடு! என்னடா தம்பின்னா... மாலையக் காணமாம்! படகு மூக்குல கெடந்த காஞ்ச செண்டுமல்லி மாலை! அதுக்குத்தான் இப்ப மூணாவது சுத்து. பாரேன், பாரேன்... துடுப்ப வெச்சு ஆகாயத்தாமரையக் கிண்டுறான், அடிபிடிச்ச சோத்தக் கிண்டுற மாதிரி! ஏய் தம்பி! மூக்குல கால வெக்காத! அங்க படகுத் தாயி குடியிருக்கா! நீ மிதிப்ப, எனக்குல்ல வயித்தால போவும்!

அவளுக்குத்தாம்மா தெனம் மாலை போடுறோம். பழச குப்பையில போட முடியுமா? ஆத்துலதான் விடணும். நீங்கல்லாம் ஏறி உக்காந்ததும் அதத்தான் செஞ்சேன். கண்ண இறுக்க மூடி, "தாயே, இன்னிக்கு ஒருத்தனும் வாந்தி எடுக்கக் கூடாது"ன்னு வேண்டிக்கிட்டு, இந்தப் பக்கமா ஒரே வீச்சு! தப்பா? சொல்லேன், தப்பா?

என்ன, கைய மூஞ்சிக்கு நேரா ஆட்டுற? கொசுவா? கடிக்கும், கடிக்கும். பட்டணத்து ரத்தம்னா அதுக்குத் தனி ருசி. இந்தா, இதத் தின்னு, கொசு மறந்து போயிரும். எங்க நாத்தனா சுட்ட பச்சக் கலர் ரொட்டி, உள்ள நூல் மிட்டாய். பாக்க பூனை முடியச் சுருட்டுன மாதிரிதான் இருக்கும்... அட, தின்னு! வாயில போட்டுக்க! பேசாத, ஒட்டிக்கும்!

சுதின்! எடது பக்கம் ஒடி! எடதுங்கறேன்! ...என் வீட்டுக்காரன். காது மந்தம். இஞ்சின் சத்தத்துல போச்சுன்னு நான் சொல்றேன், உன் சத்தத்துல போச்சுங்கறான். என்ன வாய் பாத்தியா?

ஐயோ, சூரியன் கோபுரத்துத் தோள்ல உக்காந்துருச்சே! போச்சு, இவன் வாழ்க்க போச்சு. காலையிலயும் இப்படித்தான், ஒண்ணையும் தெளிவா சொல்லத் தெரியல. "அக்கா, அந்த மாலைக்குள்ள..."ன்னான். "மாலை பழசாருக்கா? மாத்திர்றேன், கவலைய விடு"ன்னேன். "அதில்லக்கா, உள்ள..."ன்னான். "உள்ளதான் உக்காரணுமா? ரெண்டாவது பலக உனக்குத்தான்"னேன். அப்புறம் மோதிர வெரலப் புடிச்சுப் புடிச்சுக் காட்டுனான். "சுளுக்கா? தைலம் இருக்கு"ன்னு தேச்சும் விட்டேன். நல்லதுக்குக் காலமில்ல பாரு...

வெரலு... மாலைக்குள்ள... சூரியன் எறங்குறப்ப...

ஐயய்யய்யோ! தாரிகா! மோதிரம்டி! உனக்குப் போட வெச்சிருந்த மோதிரத்த நாந்தான் கும்புட்டு ஆத்துல விட்டுட்டேன்டி! ஐயோ, உங்கிட்டயே ஒளறிட்டேனே! நீ ஒண்ணும் கேக்கல! காதப் பொத்திக்க! சுதின், இன்னொரு சுத்து! எந்திரிங்க எல்லாரும், எந்திரிங்க! தேடுங்க! ராஜா, அந்தக் கிரீடத்தக் குடுங்க, தண்ணிய மொண்டு மொண்டு பாப்போம்!

ஏம்மா சட்டையப் புடிச்சு இழுக்குற? அழுவாத தாயி... என்னது, சிரிக்கிறியா? இந்த நேரத்துல சிரிக்கிறியே! சரி, சொல்லு. சொல்லுங்கறேன்ல! நான் வாயவே தெறக்கல. இந்தா பாரு, கையால பொத்திக்கிட்டேன்...

"மாலை ஆத்துல விழல லம்யாய் அக்கா, என் மடியிலதான் விழுந்துச்சு. மோதிரத்தையும் எடுத்துப் போட்டுக்கிட்டேன். அவருகிட்ட 'சரி'ன்னு கத்தறதுக்குத்தான் மூணு சுத்தா வாயத் தெறக்கறேன்... நீங்க மூடுனாத்தானே!"