பாலம் உடைக்க அனுமதி

"பாலத்தை உடைக்கணும்னா டி.இ.ஓ. ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணுமாம், சார்."

தாம்பரத்தில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த டீச்சர், உடன் வந்த ஆசிரியரிடம் சொன்னார். மின்சார ரயில் பெருங்களத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"எந்தப் பாலம்?"

"என் எட்டாங்கிளாஸ் பசங்க தொடப்பக்குச்சியில கட்டினது. செங்கல்லைத் தொங்கவிட்டு, எங்க உடையுதுன்னு பார்த்தாத்தானே பாடம்? ஹெச்.எம். அதை ஸ்டாக்ல ஏத்திட்டார். இப்ப அது ஸ்கூல் சொத்து."

"ஏத்திட்டா உடைக்க முடியாதே, டீச்சர்."

விதி அப்படித்தான். பழுதான பொருளைக் கணக்கிலிருந்து கழிக்கலாம். கழிப்பதற்காகப் பழுதாக்க வழியில்லை.

"சரின்னு, உடைக்கிறதுக்குன்னே இன்னொண்ணு கட்டினாங்க. நல்லா இருக்குன்னு அதையும் ஏத்திட்டார். அலமாரியில வெச்சு, 'தொடாதே'ன்னு சீட்டு வேற. கட்டின பசங்களே தொடக்கூடாதாம்."

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், விடுங்க."

"அதுக்குள்ள பசங்க ஒன்பதாவது போயிடுவாங்க, சார்."

ஊரப்பாக்கத்தில் டீச்சர் எழுந்தார்.

"நாளைக்குப் பாடத்துக்கு என்ன பண்ணப் போறீங்க, டீச்சர்?"

"ஆளுக்கொரு செங்கல் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு."