கிழக்கே ஐந்து, வடக்கே ஆறு

கடல் மீட்பு நிலையத்தின் வரைபட மேசையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அமர்ந்து, இன்றோடு எழுந்து செல்லும் எங்கள் கணிப்பாளர், ‘கூட்டல் அக்கா’ அவர்களுக்கு நிலையப் பணியாளர்கள் கனத்த நெஞ்சோடு வழங்கும் பாராட்டு மடல்.

அலையின் போக்கை அறிந்தவரே! காற்றின் கணக்கைக் கண்டவரே! காணாமற்போன கலங்களைக் காகிதத்திலேயே கண்டெடுத்துக் கரைக்கு அழைத்துவந்த எங்கள் அன்பு அக்கா அவர்களே! வணக்கம்.

இன்ஜின் நின்றுபோன படகு நின்ற இடத்தில் நிற்பதில்லை. நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். காற்று வேறொரு பக்கம் தள்ளும். இரண்டும் திசையன்கள், இரண்டுக்கும் அளவும் உண்டு, திசையும் உண்டு. வெறும் அளவுகளைக் கூட்டிக்கொண்டு போனால் வெறுங்கடலைத்தான் பார்க்கலாம். நீங்களோ ஒவ்வொன்றையும் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று பிரிப்பீர்கள். கிழக்கைக் கிழக்கோடும் வடக்கை வடக்கோடும் கூட்டுவீர்கள். மேற்கோ தெற்கோ வந்தால் கழிப்பீர்கள். விடையாக வந்த இரண்டு எண்களும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போடுவீர்கள். மீட்புப் படகு அங்கே போகும். அங்கே ஆள் இருப்பார்.

அப்படி மீண்டவர்கள் இருநூற்றுப் பதினோரு பேர். காபி இயந்திரம் எங்கே என்று கேட்ட புதிய ஊழியரிடம், “கிழக்கே நாப்பது அடி, வடக்கே பதினஞ்சு” என்று நீங்கள் சிரிக்காமல் சொன்னதும், அவர் வடக்கைத் தெற்காக்கிக்கொண்டு கழிவறைக்குள் போய் நின்றதும் இந்த நிலையம் உள்ளவரை பேசப்படும்.

இத்தோடு வாழ்த்திவிட்டு முடித்திருப்போம். ஆனால் இம்மடலை எழுதப்போகிறோம் என்று தெரிந்ததும் நீங்கள் எங்களிடம் சொன்னீர்கள்: “நல்லது மட்டும் எழுதினா நான் இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டேன். அந்தத் தம்பியையும் எழுதுங்க.”

எழுதுகிறோம், அக்கா.

பதிமூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை. அண்ணன் தம்பி இருவர் சென்ற சிறு படகிலிருந்து, “இன்ஜின் நின்னுடுச்சு, தண்ணி ஏறுது” என்று குரல் வந்தது, இருந்த இடத்தைச் சொன்னார்கள், பிறகு பேச்சில்லை. நம் படகு போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் நீரோட்டம் அவர்களைக் கிழக்கே எட்டு மைலும் வடக்கே இரண்டு மைலும் கொண்டுபோயிருக்கும். அன்று வீசியது தென்கிழக்குக் காற்று. நீரோட்டத்துக்கு அது போகும் திசையின் பெயர். காற்றுக்கோ அது வரும் திசையின் பெயர். ஆகவே அக்காற்று தள்ளுவது மேற்கே மூன்று, வடக்கே நான்கு. வடக்கைச் சரியாகப் போட்டீர்கள். மேற்கு மூன்றைக் கிழக்கு மூன்று என்று எழுதிவிட்டீர்கள். கழிக்க வேண்டியது கூட்டலானது. கிழக்கே ஐந்து, கிழக்கே பதினொன்று ஆனது.

நண்பகலில் படகு அங்கே போனது. ஒன்றுமில்லை. எல்லோரும் கடலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும் அந்தத் தாளைத் திரும்ப எடுத்தீர்கள். ஒரு மணிக்கு ஒலிவாங்கியைக் கையில் வாங்கினீர்கள். “நான்தான் பேசறேன். தப்பு என்னோடது. ஆறு மைல் மேற்கே திருப்புங்க. மிச்சத்த வழியில சொல்றேன்.”

கவிழ்ந்த படகின் மேல் அண்ணன், தம்பியைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். “அரை மணி முன்னாடி வரைக்கும் பேசிட்டுதான் இருந்தான்” என்றார்.

நீங்கள் சொல்லாதிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. மறுநாள் தனியாக, இறந்த தம்பியின் தாய் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் உங்களைத் திட்டவில்லை. “எதுக்கும்மா வந்து சொன்னே? கடல் கொண்டுபோச்சுன்னு நெனச்சிட்டே இருந்திருப்பேனே” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை என்று ஒருமுறை எங்களிடம் சொன்னீர்கள்.

விசாரணையில் உங்கள் பதவி உயர்வு போனது. வருத்தம் காட்டாமல் அதே நாற்காலிக்குத் திரும்பினீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் இருவர், ஒருவர் தாளை ஒருவர் பாராமல் போட வேண்டும், விடை ஒத்துவரும் வரை படகு புறப்படக்கூடாது என்று பிடிவாதமாக நின்றீர்கள். இந்தப் பதிமூன்று ஆண்டுகளில் பத்தொன்பது முறை விடைகள் ஒத்துவரவில்லை. பத்தொன்பது முறையும் புறப்படுமுன்னே தவறு பிடிபட்டது.

அக்கா, இதற்கு மேல் ‘நாங்கள்’ என்று வாசித்தால் அது பொய்யாகிவிடும்.

அன்றைய தாளில் சரிபார்த்தவர் என்ற இடத்திலும் ஒரு கையெழுத்து இருந்தது. இப்போது நிலைய அதிகாரியாக உங்கள் முன் நின்று இதை வாசிக்கும் என்னுடைய கையெழுத்துதான் அது. வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தாள் என் மேசையில் பத்து நிமிடம் கிடந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டே, பாராமல் கையெழுத்திட்டேன். விசாரணையில், “நான்தான் அவசரப்படுத்தினேன், பாக்க அவருக்கு நேரமே குடுக்கல” என்றீர்கள். நான் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும், “உங்களுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு, தம்பி” என்றீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பதவியில் பின்னாளில் நான் அமர்ந்தேன். ஒவ்வொரு காலையும் எனக்கு முதல் வணக்கம் சொன்னவர் நீங்கள்.

இந்த மன்றத்தில் உள்ள அனைவர் முன்னிலையிலும் சொல்கிறேன்: பாதித் தவறு என்னுடையது. நாளைக் காலை அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் உடன் வர வேண்டாம், அக்கா. நீங்கள் ஒரு முறை போய்விட்டீர்கள்.

நீண்ட ஆயுளும் நோயற்ற உடலும் நிறைந்த சுற்றமும் உங்களுக்கு வாய்க்கட்டும்! எந்த மணியொலியும் எழுப்பாத நல்லுறக்கம் உங்கள் கண்களைத் தழுவட்டும்!

பிரிய மனமின்றி,
வரைபட அறை, வானொலி அறை, மீட்புப் படகுப் பணியாளர்கள்