அரக்குச் சேலையும் ஹெச்.டி.ஆர் ஸ்டிக்கரும்

சௌந்தர்யா: ...சிரிக்காதடா கௌதமா! மாப்பிள்ளையோட அம்மா முகூர்த்தச் சேலையைப் பிரிச்சுப் பாத்துட்டு, தொட்ட கையைத் தொடைச்சுட்டு ராசிபுரம் பஸ் ஏறிப் போவுது. தம்பிக்குச் சிரிப்பு.

கௌதமன்: நம்ம தறியிலயே அரக்குல நெய்யச் சொன்னாங்க. கருப்புல குடுத்தோம். கல்யாணச் சேலை கருப்புன்னா... தொடைக்காம கொஞ்சுவாங்களாக்கா?

சௌந்தர்யா: எல்லாம் உன் மானிட்டரால. 'அக்கா சேலை டிசைன் போட வேணும்'னு அப்பாவை ஏய்ச்சு வாங்குன பாரு, கேம் ஆடற மானிட்டரு!

கௌதமன்: அதுல ஹெச்.டி.ஆர் நானூறுன்னு ஸ்டிக்கரே இருக்குது. இருட்டு இருட்டாவும் வெளிச்சம் வெளிச்சமாவும்...

சௌந்தர்யா: யாரு, சூரமங்கலத்துல வித்தவன் சொன்னானா? நானூறுங்கறது முப்பத்தஞ்சு மார்க்குடா. பாஸ்தான். அதைப் பெட்டி மேல பளபளன்னு ஒட்டிட்டா ரேங்க் ஆயிருமா?

கௌதமன்: அப்ப ஆயிரம்னு போட்டிருந்தா?

சௌந்தர்யா: அது வேற. இருட்டான எடத்துல மட்டும் பின்னாடி வெளக்கு அணையும். உன்னுதுல மூலையில ஒரு நிலா வந்தா மொத்த ராத்திரியும் வெளுத்துப் போவுது. கருப்பே சாம்பலாத் தெரியுது. என் அரக்கும் வெளுப்பாத் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அடர்த்தியாக்கி சாயப்பட்டறைக்குப் படம் அனுப்பிட்டேன். அவங்க போன்ல தெரிஞ்ச மாதிரியே சாயம் போட்டுட்டாங்க.

கௌதமன்: ம்... நல்லாத்தான் இருக்குது கதை.

சௌந்தர்யா: கதையா? அப்பா வந்தா இதையேதான் சொல்லப் போறேன். அபசகுனம்னுட்டாங்க. கல்யாணமே நின்னு போயிரும்போல...

கௌதமன்: நின்னா உனக்கு வருத்தமாக்கா?

சௌந்தர்யா: பின்னே? எஞ்சினியரு, சொந்த ஊடு, தங்கமான கொணம்... தரகர் ஒட்டுன லேபிளு அப்படி. அந்த எஞ்சினியரு போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? 'படிச்சது போதுங்க. டிசைனெல்லாம் விட்டுருங்க, எங்கம்மாவுக்குத் துணைக்கு ஆளில்ல.' அதுக்கு உன் மானிட்டரே தேவலை. அதை ஆஃப் பண்ணவாச்சும் பட்டன் இருக்குது.

கௌதமன்: ஒண்ணு கேக்கட்டா? எப்பவும் கலர் சாம்பிளுக்கு நூல் துண்டு வெட்டித்தானே சாயப்பட்டறைக்கு அனுப்புவ? 'ஸ்கிரீனை நம்பிச் சாயம் போட்டா ஊரே சிரிக்கும்'னு என்னைத் திட்டுனவளே நீதான். இந்தத் தடவை மட்டும் ஏன் படம்?

சௌந்தர்யா: ...மறந்துட்டேன்.

கௌதமன்: யாரு... நீயா?

சௌந்தர்யா: சரி, மறக்கல! அரக்கு நூல் துண்டு என் பேக்லதான் கெடக்குது. போ, போய் அப்பாகிட்டச் சொல்லு.

கௌதமன்: நானா சொல்லுவேன்? தறியில ஓடறப்பவே அப்பா கேட்டாருக்கா, 'ஏன்டா கருப்பா இருக்குது'ன்னு. 'டியூப்லைட்டு மங்கல்ப்பா, வெயில்ல அரக்காத் தெரியும்'னு சொல்லி நெய்ய விட்டது யாருன்னு நெனைச்ச?