காலிக் கட்டடத்தின் கதவைத் தட்டியவருக்கு

“நிறுத்துப்பா! எஞ்சினை நிறுத்து!”

பழைய பிரசவ வார்டின் மேல் உயர்ந்துவிட்ட இடிப்பு எந்திரத்தின் முன், சாவிக்கொத்து குலுங்க, செருப்பு எங்கோ தெறிக்கப் பாய்ந்து நின்ற பாசமிகு அம்மையே! பூட்டிய கதவுகளின் புரவலரே! அரசு மருத்துவமனைகளின் காலிக் கட்டடங்களைக் கண்ணின் மணியெனக் காத்த கண்காணிப்பாளரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ‘சாவியம்மா’வே, வணக்கம்!

பாம்பு குடியிருந்த மருத்துவர் குடியிருப்பைப் பக்கவாத நோயாளிகளின் பயிற்சிக்கூடமாக்கினீர்கள். பயனற்றுக் கிடந்த சலவைக்கூடத்தை மருந்துக் கிடங்காக்கினீர்கள். உபரி நிலத்தில் கண் வைத்து, “பெரிய இடத்துல சொல்லி அனுப்பினாங்க” என்று வந்தவர்களை, “அவங்களையே வரச் சொல்லுங்க, வேலி எங்க இருக்குன்னு காட்டறேன்” என்று வாசலோடு வழியனுப்பினீர்கள்!

ஆனாலும் உங்கள் வழக்கம் ஒன்று எங்களுக்கு வேடிக்கை. இடிக்கக் கொடுக்குமுன், காலி அறை ஒவ்வொன்றையும் தட்டி, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுக் காத்து நிற்பீர்கள். “பேய்க்கு என்னம்மா மரியாதை?” என்று தலைமைப் பொறியாளர் ஐயாவே கேலி செய்தார். “பேயா இருந்தாலும் சொல்லிட்டுத்தானே சார் காலி பண்ண வைக்கணும்!” என்றீர்கள்.

பிரசவ வார்டை இடிக்க வந்த அன்று ஐயாவுக்குப் பொறுமை இல்லை. “தட்டறதெல்லாம் வேணாம், ஆரம்பிங்க. நான் மீட்டிங் போறேன்” என்று கிளம்பிவிட்டார். எந்திரம் உறுமியது. நீங்கள் மறித்தீர்கள். எஞ்சின் அடங்கியதும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே போனீர்கள். பின்னால் நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம். கடைசி அறையையும் தட்டினீர்கள்.

உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்!

மழையில் ஊறி, சாத்தியதும் இறுகிக்கொண்ட கதவைக் கடப்பாரையால் நெம்பினோம். சுண்ணாம்புத் தூள் படிந்த ஓர் உருவம் தள்ளாடி வெளியே வந்து, “கத்திக் கத்திப் பாத்தேம்மா, எஞ்சின் சத்தத்துல யாருக்கும் கேக்கல... வெளிய சொல்லிடாதீங்க” என்று உங்கள் கையைப் பற்றிக்கொண்டது. நீங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. உங்களுக்காக நாங்களும் வாயைக் கட்டிக்கொண்டோம்.

உயிர் காத்த உத்தமரே! இனி உங்கள் வீட்டுக் கதவை உறவும் நட்பும் ஓயாமல் தட்டட்டும்! நோய் வந்து தட்டினால் மட்டும், “இங்க யாரும் இல்ல” என்று சொல்லிவிடுங்கள்!

இப்படிக்கு,
இனி தட்டாமல் எந்தச் சுவரையும் தொடாத சொத்துப் பிரிவு ஊழியர்கள்.

முதல் கையொப்பம், அன்று உள்ளிருந்து தட்டியவருடையது. தான் பிறந்த அறையைக் கடைசியாக ஒருமுறை பார்க்க, யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியே திரும்பி வந்தவர். அவரே கேட்டுக்கொண்டதால் இன்று சொல்கிறோம்:

தலைமைப் பொறியாளர்.